பதினோரு அடிக்குறிப்புகள்

1998 ஆகஸ்ட் 17, திங்கள்

ஓய்வு பெற்ற நெகேமியாவுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்றும் மலர் ஒன்று போடுவதென்றும் இன்று தீர்மானமாகிவிட்டது. ஐந்து பேர் குழு. ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒரு மணி நேரம் வடை வரவில்லை என்பதைப் பற்றி.

பதிவாளர் விலங்கியல்காரர். தவளையைத் தவிர வேறு எதையும் கூர்ந்து பார்த்துப் பழகாதவர். "பிஷப்பைக் கூப்பிட்டு ஒரு ஜெபத்தோட ஆரம்பிச்சிருவோம். நெகேமியா சாருக்கு மனசு நெறைஞ்சிரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். முப்பத்திரண்டு வருடமாக ஒருவன் இதே கட்டடத்தில் வரலாறு நடத்தியிருக்கிறான். எலியாவு நெகேமியா என்பது பைபிளில் உள்ள பெயர், ஆகவே ஆள் கிறிஸ்தவர். அதற்குமேல் விசாரிக்க ஒருவனுக்கும் நேரமில்லை. டிசம்பர்தோறும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போகும். அந்த ஆளும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வான். கொச்சிப் பக்கத்து யூதன் என்பது எங்கள் துறையில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பிஷப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் சிரிக்கட்டும்.

மலரில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையை எழுத மங்கையர்க்கரசி தயாராக வந்திருந்தாள். துறையிலேயே இளையவள், நெகேமியாவின் மாணவி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவள். "சாரோட தனிக்கோப்பைப் பாக்க ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கேன் சார்" என்றாள். "அந்தச் சிரமம் உனக்கு எதுக்கும்மா, துறைத் தலைவர்ங்கிற முறையில நானே எழுதுதேன்" என்று சொல்லிவிட்டேன். நான் அந்த ஆளை எவ்வளவு மதிக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால், ஆளாளுக்கு வாசலைப் பார்த்தார்கள். பிறகு வடை வந்தது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மோட்டார் மறுபடி மண்டையைப் போட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரி உலகம்மை காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை, நான்தான் மோட்டாரைக் கெடுத்ததுபோல.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பதிவறைக்குப் போனேன். எழுத்தர் ஆறுமுகநயினார் காலை நீட்டி உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கோப்பு கீழ்க் கட்டுல கெடக்கு சார். கரையான் தின்னது போக மிச்சம் இருக்கான்னு பாக்கணும்லா. ஒரு வாரம் கழிச்சு வாங்களேன்" என்றார். கரையானுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை இவருக்குக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கோப்பில் ஒரு காகிதம் இருக்கிறது. 1979இல் எவனோ ஒருவன் நெகேமியாவைப் பற்றித் துணைவேந்தருக்கு அனுப்பிய மொட்டைப் பெட்டிஷன். அதன்மேல் பதினான்கு மாதம் விசாரணை நடந்தது. அது முடியுமுன்பே, மூப்புப்படி அந்த ஆளுக்கு வரவேண்டிய தலைவர் பதவி எனக்கு வந்தது. பழைய கதை. ஆனால் மங்கையர்க்கரசி போன்ற துடிப்பான பிள்ளைகள் கையில் பழைய காகிதம் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டார்கள். எந்தத் தட்டச்சு, எந்த வருடத்து மை என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம்.

புதிய துணைவேந்தருக்கான பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருப்பதாகச் சென்னையிலிருந்து செய்தி. இந்த நேரத்தில் மலர் சுத்தமாக வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, சனி

சனிக்கிழமை. முப்பத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமையில் பேனாவைத் தொடாத ஆள். வெள்ளி சாயங்காலமே பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவான். தேர்வு மேற்பார்வைக்கு வருவான், ஆனால் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து போடுவான். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்துவைக்க ஒரு காவலாளி. என்ன ஒரு பிரபு.

வெளியில் கறி சாப்பிடமாட்டான். எங்கள் தெருச் சைவர்கள் அதைக் கேள்விப்பட்டு, சைவக் கிறிஸ்தவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று போட்டிபோட்டு வீடு கொடுத்தார்கள். யூதர் முறைப்படி கறி அறுக்க ஆள் கிடைக்காததால் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கிறேன். முப்பத்திரண்டு வருடம், ஒரே ஒரு புத்தகம். பாண்டி நாட்டு ஏரிகளின் மடைக் கல்வெட்டுகள். ஞாயிறுதோறும் சைக்கிளில் ஏரி ஏரியாகப் போய் மடையில் இறங்கிச் சேற்றில் நின்று எழுதியது. நான் எழுதியவை பன்னிரண்டு. அவற்றில் ஒன்பது பி.ஏ. மாணவர்களுக்கான வழிகாட்டிதான் என்று சிலர் சிரிக்கலாம். பிள்ளைகள் தேறினார்களா இல்லையா? அந்த ஆளின் ஒரே புத்தகத்தை ஜெர்மனியில் மேற்கோள் காட்டுகிறார்களாம். ஜெர்மனியில் ஏது மடை?

செப்டம்பர் 3, வியாழன்

கோப்பு கிடைத்தது. கரையான் தின்னவில்லை. ஆறுமுகநயினார் தலைக்கு வைத்துத் தூங்கியிருப்பார்போல, எண்ணெய்க் கறை மட்டும்.

பெட்டிஷன் அதே இடத்தில் இருந்தது. 12.11.1979 தேதியிட்ட நாலு பக்கத் தட்டச்சு. எழுதியவன் யாராயிருந்தாலும் நடை தெளிவானது, ஒரு சொல் மிகை இல்லை. நெகேமியா சனிக்கிழமைகளில் கடமை தவறுகிறார். இவருக்கு இஸ்ரேலிலிருந்து அடிக்கடி கடிதம் வருகிறது. நம் அரசுக்கு அந்த நாட்டோடு தூதரக உறவு கிடையாது. இவர் நம் ஏரிகளையும் மடைகளையும் வரைபடம் போடுகிறார், யாருக்காக என்று விசாரிக்க வேண்டும். வெறும் வதந்தியாக எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் உறையிலிருந்த அஞ்சல் முத்திரைத் தேதி, துறைக்கு வந்த நாள், எந்த மேசையில் இருந்தது என்பதுவரை பக்கத்தின் அடியில் எண் போட்டுக் குறித்திருந்தான். மொத்தம் பதினோரு அடிக்குறிப்பு. ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதுவது சிலருக்குக் கைவராது.

கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த நாலு தாளை மட்டும் உருவி வெந்நீர் அடுப்பில் போட்டேன். "என்னத்தைப் போட்டு எரிக்கிய? புகை கண்ணைக் கரிக்கி" என்றாள் உலகம்மை. பழைய வினாத்தாள் என்றேன். நன்றாகக் குளித்தேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பேட்டி எடுக்க நெகேமியா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. புத்தகம், கல்வெட்டுப் படிகள், ஒரு கட்டில். கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவர்களில் பெண் எடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்? வேறு இடத்தில் எடுக்கவும் மனமில்லை. இதைக் கொள்கை என்று சிலர் சொல்வார்கள், நான் பிடிவாதம் என்பேன்.

பாலில்லாத கட்டங்காப்பி கொடுத்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எர்ணாகுளம் சந்தையில் தகப்பனாருக்குக் கோழிமுட்டை வியாபாரம். ஆறு பிள்ளைகள். 1955இல் அந்தத் தெருவே கிளம்பி பம்பாய் போய் அங்கிருந்து இஸ்ரேல் போயிற்று. இவனுக்கு அப்போதுதான் சென்னையில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி நின்றவன்.

"அப்புறம் ஏன் போகலை?" என்றேன்.

"ஒரு ஏரியை முடிச்சிட்டுப் போகலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த ஏரி. இந்த ஊர்ல ஏரிக்குப் பஞ்சமா?"

"உங்க ஆட்களோட வரலாற்றை ஒரு புத்தகமா எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம். அதைத் தள்ளி நின்னு பாக்க எனக்கு வராது. மடையை மட்டும்தான் தள்ளி நின்னு பாக்க முடியுது."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எழுந்திருக்கப் போகும் நேரத்தில், "எழுபத்தொன்பதை விட்டுட்டீங்களே" என்றான்.

"அது எதுக்கு சார், மங்கள காரியத்துல?"

"என் உத்தியோகத்துல நடந்த பெரிய சம்பவம் அதுதானே. பதில் சொல்லணும்னு எனக்கு ஒரு நகல் கொடுத்தாங்க. பத்திரமா வச்சிருக்கேன். நான் பாத்த மொட்டைப் பெட்டிஷன்லயே அடிக்குறிப்பு போட்டது அது ஒண்ணுதான். ஒன்பதாவது மட்டும் தப்பு, அது பம்பாய்லருந்து வந்த கடிதம். மத்த பத்தும் சரி."

நான் பேனாவை மூடினேன்.

"அந்த மாதிரி அடிக்குறிப்பு போடத் தெரிஞ்சவங்க அப்போ துறையிலே ரெண்டே பேரு, வயிரவநாதன் சார்" என்றான். "அதுல ஒருத்தன் நான்."

காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போனான். நான் குடித்தேன். கசந்தது. சர்க்கரை குறைந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 7, திங்கள்

பத்தொன்பது வருடம். தினமும் எதிர் அறையில் உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, என் கையால் விடுப்புக் கையெழுத்து வாங்கி, என் மகள் கல்யாணத்துக்கு வந்து பரிசு கொடுத்து. தெரிந்துகொண்டே. நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். என்னால் ஒரு நாள்கூட முடிந்திருக்காது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது இணை தேடும்போது கத்துகிறது. பேர் போடாத கடுதாசிக்கு அடிக்குறிப்பு போடுகிறவனை என்னவென்று சொல்வது?

செப்டம்பர் 8, செவ்வாய்

மோட்டார் சரியாயிற்று. உலகம்மை பேசுகிறாள். நான் பேசவில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

கோப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் மீதியைப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

விசாரணைத் தாள்களுக்கு அடியில் ஒரு விண்ணப்பம். 3.3.1980. கடவுச்சீட்டுப் பெறப் பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்று வேண்டி. காரணம்: 'இஸ்ரேலில் உள்ள என் தாயார் நோய்வாய்ப்பட்டிருக்கிறார். இருபத்தைந்து வருடமாக அவரைப் பார்க்கவில்லை.' மேலே சிவப்பு மையில் ஒரு வரி: விசாரணை நிலுவையில் உள்ளதால் பரிசீலிக்க இயலாது. ஏப்ரலில் ஒரு நினைவூட்டல். ஜூனில் ஒன்று. இரண்டிலும் அதே சிவப்பு வரி.

அடுத்து 18.8.1980 தேதியிட்ட விடுப்புக் கடிதம். 'நான் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்காத நிலையில் தாயார் காலமானதாகத் தந்தி வந்திருக்கிறது. ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது எங்கள் வழக்கம். ஏழு நாள் விடுப்பு தர வேண்டுகிறேன்.' கீழே துறைத் தலைவர் பரிந்துரை: 'தேர்வுத்தாள் திருத்தும் பணி உள்ளது. மூன்று நாள் போதுமானது.' கையெழுத்து என்னுடையது. மொட்டைக் கடுதாசி இல்லை இது. பச்சை மையில், முழுப் பெயரோடு, நானே போட்ட கையெழுத்து.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. நாலாம் நாள் அந்த ஆள் வரவில்லை. விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தான். சவரம் இல்லை. சட்டை மார்புப் பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது. சுவரில் இருந்த கண்ணாடியின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. விடைத்தாளை வாசல்படியில் வைத்துவிட்டு வந்து, விசாரணையில் ஆளுக்கு மறை கழன்றுவிட்டது, கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான் என்று துறையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். சாவு நடந்த வீட்டில் சட்டையைக் கிழித்துக்கொள்வதும் தரையில் உட்காருவதும் அவர்கள் முறை என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அதைத் துறையில் யாரிடமும் சொல்லவில்லை.

பதினொன்றில் பத்து சரி என்றான். அந்தப் பத்தும் யாரிடமிருந்து வந்தவை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

கோப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆறுமுகநயினார் பக்கம் எண்ணிப் பார்க்கவில்லை. அவரிடம் அதை யார் எதிர்பார்த்தது?

செப்டம்பர் 19, சனி

கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை. 'பேராசிரியர் நெகேமியா 1938இல் பிறந்தார்' என்று ஒன்பது முறை எழுதிக் கிழித்தேன். மங்கையர்க்கரசி வந்து, "சார், அச்சகத்துக்காரர் கேக்கார்" என்றாள். அச்சகத்துக்காரரை ஏரியில் போய் விழச்சொல் என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 24, வியாழன்

இன்று நெகேமியா வந்தார். வருவார் என்று தெரியும்.

வருடாவருடம் புரட்டாசி வாக்கில் அவர்களுக்குப் புது வருடம் பிறக்கிறது. பத்தாம் நாள் பெரிய நோன்பு. அதற்கு முன்னால், தெரிந்தவர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டுமாம். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் பொறுத்தால்தான் கடவுள் பொறுப்பாராம். துறையில் ஒவ்வோர் அறையாகப் போவார். காவலாளியிடமும் கேட்பார். நடிப்பு என்று நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

"இந்த வருஷம் நான் ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா, செஞ்சிருந்தா, மன்னிச்சிருங்க" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்" என்றேன். பதினெட்டு வருடமாக நான் சொல்லும் அதே பதில்.

பதில் கேட்ட பிறகும் ஓரிரு நிமிடம் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நிற்பார். இந்த ஆளுக்கு உடனே போகத் தெரியாதா என்று நினைப்பேன். எதற்காக நிற்கிறார் என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நானும் ஏதாவது கேட்பேனா என்று நிற்கிறார். பதினெட்டு வருடமாக. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மேசையில் இருந்த குண்டூசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. அவரைப் பற்றி இல்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"ஆமா."

"உங்க அம்மாவைப் பாக்கப் போக முடியாமப் போனது இந்த மாசம்தான் எனக்குத் தெரியும்."

"விடுப்புக் கடிதத்துல நான் எழுதியிருந்தேனே."

படித்தேன், கையெழுத்தும் போட்டேன், அது மனதில் ஏறவில்லை. இதைச் சொன்னால் என்ன மரியாதை மிஞ்சும்? மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட அப்புறம் கேக்கலாம். முதல்ல அம்மாகிட்டக் கேக்கணும். அந்தப் பத்துக் கடிதமும் அவங்க சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதினது. எப்ப வாரே, எப்ப வாரேன்னு. அவங்க இப்ப இல்லை. செத்துப்போனவங்களுக்குச் செஞ்ச பிழையைப் பத்து ஆம்பளைங்களைக் கூட்டி, கல்லறை முன்னாடி நின்னு, இன்ன பிழை செஞ்சேன்னு வெளிப்படையாச் சொல்லணும். அதுதான் எங்க முறை."

"கல்லறை அங்கே இருக்கு."

"அதுக்கு நீங்க போக முடியாது. இங்கயே சொல்லலாம். எங்க ஆட்கள் பத்துப் பேருக்கு நான் எங்க போவேன், எர்ணாகுளத்துலயே தேறலை. மனுஷன் பத்துப் பேர் இருந்தாப் போதும்."

"எங்கே சொல்ல?"

"திங்கக்கிழமை எனக்கு விழா எடுக்கீங்களே" என்றார்.

கோபமாக வெளியே வந்தேன். பத்துப் பேராம். பூசாரி சேவல் கேட்பதுபோல. துணைவேந்தர் பட்டியலில் இருக்கிறவன் மேடையில் நின்று, நான் மொட்டைக் கடுதாசி எழுதினேன் என்று சொல்ல வேண்டுமாம். அதுவும் பிஷப் முன்னால்.

செப்டம்பர் 27, ஞாயிறு

சென்னையிலிருந்து மறுபடி செய்தி. பட்டியலில் இரண்டாவதாக ஏறிவிட்டேனாம்.

செப்டம்பர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடையில் பதினோரு நாற்காலி. மங்கையர்க்கரசியைத் தவிர்த்தால் ஆண்கள் சரியாகப் பத்துப் பேர், பிஷப்பும் பதிவாளரும் நெகேமியாவும் நானும் உட்பட. கீழே இருநூறு பேர், சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்ததால். பிஷப் நல்ல மனிதர், சுருக்கமாக ஜெபித்தார். நெகேமியா எழுந்து நின்று ஆமென் சொன்னார். பதிவாளர் பெருமையாக என்னைப் பார்த்தார்.

நான் பேச எழுந்தேன். சொல்வதா வேண்டாமா என்று அதுவரை முடிவு செய்யவில்லை. வாய் தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது. நம் மேடையில் அவையடக்கம் என்று ஒன்று இருக்கிறதே. "இப்பெருந்தகையின் முன் நிற்கவும் தகுதியற்ற அடியேன், அறிந்தும் அறியாமலும் இவருக்கு இழைத்த பிழைகள் மலையளவு. இவரை ஈன்றெடுத்த அன்னைக்கும் நான் பெரும் பிழை செய்தவன். அத்தனையும் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்றேன். குரல் தழுதழுக்கவும் செய்தது, பொய்யில்லை. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. முதல் வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்தாள். என்ன ஒரு தன்னடக்கம் என்று பதிவாளர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன், பத்துப் பேரும் கேட்டார்கள், பட்டியலுக்கும் பங்கமில்லை. இவ்வளவு சுலபமா என்றிருந்தது. நெகேமியா மட்டும் கைதட்டவில்லை.

கடைசியில் ஏற்புரை. அவர் வந்து நின்றார். நன்றி சொன்னார். இரண்டு ஏரிகளின் பெயரைச் சொன்னார். பிறகு, "வயிரவநாதன் சார் ஒரு தகவல் சொன்னாங்க" என்றார். "எந்த வருஷம்னு சொல்லலை. என்ன நடந்ததுன்னும் சொல்லலை. எங்க துறையில அதைச் செய்தின்னு ஏத்துக்க மாட்டோம். எனக்குப் பதினைஞ்சு நிமிஷம் கொடுத்திருக்கீங்க. நான் அஞ்சுதான் எடுத்திருக்கேன். மிச்சத்தை அவங்களுக்குக் கொடுக்கேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. நான் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. உட்கார்ந்தே இருந்திருக்கலாம், ஒருவரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. இருநூறு பேர் என் களவைப் பார்த்துக் கைதட்டியதுபோல இருந்தது.

"1979 நவம்பர் 12ஆம் தேதி, பேராசிரியர் நெகேமியா மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்தது. அதை எழுதினது நான். தலைவர் பதவிக்காக எழுதினேன். இவருக்கு வந்த கடிதங்களை வெளிநாட்டுத் தொடர்புன்னு எழுதினேன். அவை இவர் அம்மா எழுதின கடிதங்கள்" என்றேன். "அதனால இவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்கலை. அம்மா 1980 ஆகஸ்டில் இறந்தாங்க" என்று சொல்லும்போது பதிவாளர் சைகை காட்டி, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அவருடைய ஒரே விரைவான நிர்வாக நடவடிக்கை. மீதியைத் தொண்டையால் சொன்னேன். ஏழு நாள் கேட்டவருக்கு மூன்று நாள் போதும் என்று எழுதியதையும், கிழிந்த சட்டையைப் பார்த்துச் சிரித்ததையும், இந்த மாதம் கோப்பிலிருந்து தாளை எடுத்து எரித்ததையும். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மேடையில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்டது. பிஷப் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் இல்லை. எங்கிருந்தோ ஒரு குரல், "இலை போட்டாச்சு" என்றது. கூட்டம் நன்றியோடு எழுந்து போயிற்று.

செப்டம்பர் 29, செவ்வாய்

விடிந்ததும் பதிவாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன சார், ஒங்களுக்கு என்ன பித்தா புடிச்சிருக்கு? சென்னைக்கு ராத்திரியே செய்தி போயிட்டு" என்றார். பட்டியல் முடிந்தது. என்மேல் விசாரணை உண்டாம். பதினான்கு மாதம் ஆகும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் நம்ம வீட்டுக் கல்யாணத்துல உக்காந்து சாப்பிட்டாரே" என்று சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை. இந்தத் தடவை மோட்டார் காரணமில்லை.

நோன்புக்கு நெகேமியா எர்ணாகுளம் போகிறார் என்பதால் ரயில் சந்திப்புக்குப் போனேன். செங்கோட்டை வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மாகிட்டக் கேட்டாச்சு" என்றேன். "இப்ப உங்ககிட்டக் கேக்கேன். என்னை மன்னிச்சிருங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடைக் கல்லைப் பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல்.

"மாட்டேன், வயிரவநாதன் சார்" என்றார். "மூணு தடவை கேட்டா நான் மறுக்கக் கூடாதுன்னு எங்க முறையில இருக்கு. இது முதல் தடவை. பதினெட்டு வருஷம் நான் உங்க அறை வாசல்ல வந்து நின்னேன். நீங்களும் கொஞ்சம் நில்லுங்க."

வண்டி கிளம்பிவிட்டது. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நல்லவர், பொறுமைசாலி, சாது என்று எல்லோரும் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. முப்பத்திரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அன்றைக்குக் காந்தி ஜெயந்தி, எனக்கும் விடுமுறை. வண்டி காலை பத்தே காலுக்கு வரும் என்று விசாரணைச் சாளரத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.